பில் கேட்காத விருந்தாளி

கொடைக்கானலில் சிரிக்கச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி ஒன்று இருக்கிறது. வில்பட்டிக்குப் போகிற பஸ் அதன் வாசலில் நின்றுதான் போகும். போர்டில் ஹோட்டல் மேலாண்மை, விருந்தோம்பல் துறை என்று நீளமாக என்னென்னவோ எழுதியிருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது கேட்டரிங் காலேஜ். கீழே பழனியிலிருந்தும் மேலே காய்கறி போடுகிற கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். வீட்டில் பெற்ற தகப்பனுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக்கொடுக்காத பிள்ளை, மூன்று வருடத்தில் முன்பின் தெரியாதவன் முன்னால் குனிந்து சிரிக்கக் கற்றுக்கொண்டு போகும். அதற்குப் பெயர் பட்டம்.

அங்கே வாத்தியார்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள். அவர்கள் சொல்லிக்கொடுக்கிறவர்கள்.

கீழ்த்தளத்தில் பயிற்சி உணவகம். மேஜைக்கெல்லாம் வெள்ளைத் துணி, மடித்த நாப்கின், வரிசையாகக் கண்ணாடித் தம்ளர். தினமும் மதியம் பிள்ளைகள் சமைத்துப் பரிமாறிப் பழக வேண்டும். பழக ஆள் வேண்டுமே? வாத்தியார்கள் உட்கார்வார்கள். முதலில் சூப், பிறகு சாப்பாடு, கடைசியில் இனிப்பு, அதற்கும் பிறகு காபி. ஹவுஸ்கீப்பிங் பாடம் எடுக்கும் ஷைலா மேடம் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் எடுத்து வந்ததை யாரும் பார்த்ததில்லை. கிச்சன் பாடம் எடுக்கும் சிவமுருகன் செஃப், தான் சமைக்கச் சொல்லிக்கொடுத்ததைத் தானே ருசி பார்த்துத் தொப்பை வளர்த்தவர். இதையெல்லாம் சாப்பாடு என்று சொல்லக் கூடாது. செய்முறை வகுப்பு என்று சொல்ல வேண்டும்.

இப்படி நடந்துகொண்டிருந்த இடத்தில்தான் பல்கலைக்கழகத்து உத்தரவு வந்து விழுந்தது. ஒவ்வொரு கல்லூரியும் குறைந்தது ஒரு பேப்பராவது ஆன்லைனில் நடத்த வேண்டும். ஆசிரியர் பாடத்தைப் பேசிப் பதிவுசெய்து போட வேண்டும், பிள்ளைகள் போனில் பார்த்துப் படிப்பார்கள். நிபுணர் குழு ஒருநாள் மாதிரி வகுப்பைப் பார்த்துவிட்டு அனுமதி தரும்.

ஸ்டாஃப் ரூமில் அன்றைக்கு இழவு விழுந்த மாதிரி இருந்தது.

"கட்டில் துணி விரிக்கிறத போன்ல பாத்துப் படிக்கிறதா? கை பழக வேண்டாமா?" என்றார் ஷைலா மேடம்.

"தாளிக்கிற வாசம் போன்ல வருமாங்க? வாசம் தெரியாம ஒருத்தன் சமையக்காரன் ஆகிருவானா?" என்றார் சிவமுருகன்.

துறைத் தலைவர் கஸ்பார் கடைசியாகப் பேசினார். மெதுவாகச் சொன்னார்: "விருந்தோம்பல்ங்கிறது மனுசன் மொகத்த மனுசன் பாக்குறதுங்க. நடுவுல கண்ணாடிய வச்சா அது வியாபாரம்."

கேட்கிறவர்களுக்குப் புல்லரித்தது. பொய் என்றும் சொல்ல முடியாது. கை பழகத்தான் வேண்டும், வாசம் தெரியத்தான் வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்லும்போது பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை வாய்க்குள் வைத்துக்கொள்கிற திறமை படித்தவர்களுக்கு உண்டு. ஷைலா மேடம் வருடா வருடம் அதே பாடத்தை அதே ஜோக்கோடு எடுப்பவர். பதிவாகிப் போனால், முன்னால் அவரிடம் படித்துப்போன அக்காமாரும் பார்த்துச் சிரிப்பார்கள். சிவமுருகனுக்குக் கேமரா முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. 'என் பாடத்த ஒருதடவை புடிச்சு வச்சுக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு?' இந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நிர்வாகங்களின் குணம் நமக்குத் தெரியாதா? ஆனால் அதை நிர்வாகத்தின் முகத்துக்கு நேராகக் கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. துணிச்சல் இல்லாதவர்கள் இளைத்தவர் யார் என்று தேடுவார்கள்.

கஸ்பாரின் காரணம் தனி.

அவர் மோசமான மனிதர் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நின்று கணீரென்று பைபிள் வாசகம் வாசிப்பார். ஆனால் இறுதியாண்டுப் பரிமாறும் தேர்வில் அவர்தான் விருந்தாளி. சும்மா விருந்தாளி இல்லை, வம்பு விருந்தாளி. எந்தக் காலத்து மாணவன் வைத்த பெயரோ, தேர்வுக்கே அதுதான் பெயராகிவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அவருக்குப் பரிமாற வேண்டும். சூப் ஆறிவிட்டது என்பார். சூடாகக் கொண்டுவந்தால் நாக்கு வெந்துவிட்டது என்பார். கரண்டியில் அழுக்கு என்பார், நகத்தில் அழுக்கு என்பார், உங்க ஊரில் குளிக்கிற பழக்கம் உண்டா என்பார். மறுத்துப் பேசக் கூடாது. காரணம் சொல்லக் கூடாது. சிரிப்பை விடக் கூடாது. அவர் 'பில்' என்று கேட்கிறவரை ஆட்டம் ஓடும். கேட்டதும் தோல் அட்டைக்குள் பில் சீட்டை வைத்து நீட்ட வேண்டும். அதன் மேல் மதிப்பெண்ணை எழுதி, எழுந்து, கை கொடுத்து, மறுபடி வாத்தியார் ஆகிவிடுவார். பில் கேட்பதற்கு முன்னால் அவர் வாயில் என்ன வந்தாலும் அது விருந்தாளி பேச்சு. இது அந்தக் கல்லூரிக்குள் மட்டும் செல்லுபடியாகும் சட்டம். வெளியே யாருக்கும் தெரியாது, ஆபீஸ் ரூமில் இருக்கும் முதல்வருக்குக்கூட.

எத்தனையோ பிள்ளைகள் அழுதுகொண்டே சிரித்திருக்கிறார்கள். அந்த இரண்டும் ஒரே முகத்தில் சேர்ந்து வருவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற சுகம் கஸ்பாருக்குப் பழகிப்போயிருந்தது. போன் வழியாக அது கிடைக்காது. முழு மதிப்பெண் யாருக்கும் போட்டதில்லை. "நூத்துக்கு நூறு ஆண்டவருக்குத்தான்" என்பார்.

யாரும் முன்வராத அந்த ஆன்லைன் பேப்பருக்கு ஒரே ஒரு கை உயர்ந்தது. மணிமேகலையின் கை.

மணிமேகலை வில்பட்டிக்காரி. அப்பா மலைச்சாமி வெள்ளைப்பூண்டும் கேரட்டும் போடுகிறவர். இதே கல்லூரியில் படித்து, முதல் மாணவியாக வெளியே போனவள். வம்பு விருந்தாளியிடம் அவள் மாட்டிக்கொண்ட கதை பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். சூப்பிலிருந்து இனிப்புவரை கஸ்பார் என்ன சொல்லியும் அவள் சிரிப்பு அசையவில்லை. கடைசியில் அவர் நாப்கினைச் சுருட்டி வைத்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றினார். குரலை இறக்கி, "ஒங்கப்பா பூண்டு போட்டுருந்தாரே, இந்த வருசம் எப்பிடிம்மா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்று நினைத்த பெண்ணுக்குத் தோள் இறங்கியது. "பனியில எல்லாம் கருகிப்போச்சு சார்" என்றாள். சிரிப்பு போய்விட்டது, கண் கலங்கிவிட்டது.

"நான் பில் கேட்டனா?" என்றார் கஸ்பார்.

பத்து மார்க் போயிற்று. "பில்லு கேக்குற வரைக்கும் எவன் என்ன கேட்டாலும் நம்பாத. சாகுற வரைக்கும் ஞாபகம் வச்சுக்க" என்று அறிவுரையும் கொடுத்தார். மணிமேகலை ஞாபகம் வைத்துக்கொண்டாள். வினையே அதுதான்.

பெங்களூரில் பெரிய ஹோட்டலில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு கல்யாண விருந்தில், பீங்கான் தட்டுகளை அடுக்கிய தள்ளுவண்டி சரிவில் தானாக உருண்டு வந்து அவள் வலது கணுக்காலை நசுக்கிவிட்டது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். ஹோட்டல்காரர்கள் பூங்கொத்தோடு வந்து பார்த்தார்கள். கால் ஊன்ற ஆரம்பித்ததும், விருந்தினர் கண்ணில் படுகிற வேலைக்கு இனிப் பொருந்த மாட்டாள் என்று நாசூக்காகச் சொல்லி அனுப்பினார்கள். சாய்ந்து நடக்கிற பெண் தட்டேந்தி வந்தால் விருந்தாளிக்குப் பசி போய்விடுமாம்.

மலைக்குத் திரும்பி வந்தவளைக் கல்லூரி ஒப்பந்த ஆசிரியையாக வைத்துக்கொண்டது. வகுப்பில் அவள் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடப்பதற்காகவே சில பிள்ளைகள் காத்திருப்பார்கள். அவள் திரும்பினால் பின்னால் ஒருவன் அதே மாதிரி சாய்ந்து நடந்து காட்டுவான், வரிசையே குலுங்கும். தை மாசக் குளிரில் கணுக்காலுக்குள் கம்பி விண்விண்ணென்று தெறிக்கும். அப்போதும் சிரிப்பாள். பழக்கம்.

ஆன்லைன் பேப்பரை எடுத்துக்கொண்ட அன்று வீட்டில் அம்மா இருளாயியிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: "கேமராவுல இடுப்புக்கு மேலதாம்மா தெரியும்."

முதல்வர் கந்தவேல் பல்கலைக்கழகத்திடம் நல்ல பெயர் வாங்கத் துடித்துக்கொண்டிருந்தவர். வாக்குக் கொடுத்தார். குழு அனுமதி கொடுத்தால் அவளுக்கு வேலை நிரந்தரம், ஆன்லைன் பேப்பர்களுக்கெல்லாம் அவளே பொறுப்பு. கொடுக்காவிட்டால் மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க வழியில்லை. ஹோட்டலும் வேண்டாம் என்றுவிட்ட பிறகு, படித்த படிப்புக்கு இந்த உலகத்தில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே இடம் அந்தக் கேமராவுக்கு முன்னால்தான்.

குறை சொல்லும் விருந்தாளியைச் சமாளிப்பது எப்படி என்பதுதான் அவள் எடுத்த பேப்பர். வீட்டில் பூண்டு மூட்டைகளை மறைத்துப் போர்வையைத் தொங்கவிட்டு, அப்பாவை இருமக் கூடாது என்று வெளியே அனுப்பிவிட்டு, பாடம் பாடமாகப் பதிவுசெய்தாள். மேகம் இறங்கினால் நெட் போய்விடும். போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குக் காலை இழுத்துப்போய் நின்று அனுப்புவாள். பாடங்கள் நன்றாக இருந்தன. பெங்களூரில் தன்னைத் திட்டிய விருந்தாளிகளையெல்லாம் அவளே பேசி நடித்துக் காட்டியிருந்தாள். வகுப்பில் அவள் நடையைக் கிண்டலடித்த பயல்களே இரண்டாம் தடவை போட்டுப் பார்த்தார்கள். பாடம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஸ்டாஃப் ரூமில் பேச்சு ஆரம்பித்தது.

ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு போனதும், மூன்று பேரும் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கஸ்பார் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பிள்ள பேப்பரு பாஸாச்சுன்னா அடுத்த வருசம் நம்ம பேப்பருதான். அவளே செய்யிறா, உங்களுக்கென்ன நோக்காடுன்னு கேப்பாரு பிரின்சிபாலு" என்றார் சிவமுருகன்.

"பாவம் சார், கால் வேற அப்படி இருக்கு" என்றார் ஷைலா மேடம். அந்த மனிதாபிமானத்துக்கு மேல் அவர் போகவில்லை.

"மாதிரி வகுப்புல விருந்தாளியா யாரு உக்காரப்போறது?" என்று கேட்டார் கஸ்பார்.

"உங்களத்தான் கேட்டுருக்கா. எங்க சார் மாதிரி வம்பு பண்ண ஆளில்லன்னு பெருமையா வேற சொல்லிட்டு அலையிறா" என்றார் சிவமுருகன்.

கஸ்பார் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "அப்ப சரி. நான் பாத்துக்கிறேன்" என்றார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் பங்காளி ஆகிவிட வேண்டும்.

மாதிரி வகுப்பு பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. குழுத் தலைவி பேராசிரியர் அழகம்மாளும் இன்னும் இரண்டு பேரும் பல்கலைக்கழகத்தில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். முதல்வர் தன் அறையில். மாடியில் ஸ்டாஃப் ரூமில் கஸ்பாரும் மற்ற இருவரும் ஒரு கம்ப்யூட்டர் முன்னால். மணிமேகலை கீழே பயிற்சி உணவகத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். நீலப் புடவை, நெற்றியில் சின்னப் பொட்டு. மேஜை ஓரத்தில் தோல் அட்டையைத் தயாராக வைத்திருந்தாள், உள்ளே பில் சீட்டு.

பாடத்தை ஆரம்பித்தாள். குரலில் நடுக்கமில்லை. விருந்தாளி கோபப்படுவது உணவுக்காக மட்டுமில்லை, தன்னை மதிக்கவில்லை என்றுதான் என்று விளக்கினாள். அழகம்மாள் தலையாட்டிக் கேட்டார். "இப்ப எங்க துறைத் தலைவர் கஸ்பார் சார் விருந்தாளியா வருவாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"சூப்பு ஆறிப்போச்சு" என்றார் கஸ்பார் திரையில்.

"மன்னிக்கணும் சார். இப்பவே சூடா வேற கொண்டு வரச் சொல்றேன்."

"கம்ப்யூட்டர் வழியா ஊத்துவியா?"

குழுவில் ஒருவர் சிரித்தார். மணிமேகலையும் அளவாகச் சிரித்தாள். "உங்களுக்கு ஆன சிரமம் எனக்குப் புரியுது சார்."

"எனக்குத்தான் சிரமம். நீ சொகமா உக்காந்துருக்க. விருந்தாளி முன்னாடி உக்காந்து பேசலாமா?"

"கூடாதுங்க சார்."

"எந்திரி."

எழுந்தாள். திரையில் அவள் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தது.

"லேப்டாப்ப பின்னால தள்ளி வையி. தம்ளரெல்லாம் ட்ரேயில அடுக்கிக்கிட்டு, அந்தச் சுவத்துலருந்து இங்க வரைக்கும் நடந்து வா. எப்பிடிப் பரிமாற வர்றேன்னு நானும் பாக்குறேன், குழு மேடமும் பாக்கட்டும்."

மாடியில் ஷைலா மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிவமுருகன் தன் போனை எடுத்து அதில் எதையோ தேட ஆரம்பித்தார். கஸ்பாரின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம், அவ்வளவு பக்கத்தில்தான் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மணிமேகலை லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள். ட்ரேயைத் தூக்கினாள். சுவர் ஓரம் போய்த் திரும்பி நடந்து வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு வலதுபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ஒவ்வொரு சாய்வுக்கும் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. மறைத்துவைக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அது பல்கலைக்கழகத்தின் முன்னால் முழுத் திரையில் நடந்து வந்தது. முகத்தில் சிரிப்பு இருந்தது.

"ஏன் இப்பிடி நடக்குற?"

காரணம் சொல்லக் கூடாது. "மன்னிக்கணும் சார்."

"நடையே சரியில்லாதவ, நடக்கச் சொல்லிக்கொடுக்கலாமா?"

மறுத்துப் பேசக் கூடாது. "நீங்க சொல்றது சரிதான் சார்."

அப்போதுதான் கஸ்பார் சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். குரலை இறக்கினார்.

"சரிம்மா மணிமேகலை. விருந்தாளியெல்லாம் போதும். கஸ்பார் சாரா கேக்குறேன், குழுவும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. மனசத் தொட்டுச் சொல்லு. இந்தப் பேப்பர கம்ப்யூட்டர் வழியா நடத்த முடியுமா?"

மணிமேகலைக்கு உள்ளுக்குள் குதூகலம் பொங்கியது. அதே சாய்வு, அதே கண்ணாடி, அதே குரல். பூண்டைப் பற்றிக் கேட்டு விழவைத்த அதே குழி. ஒருதடவை விழுந்தாயிற்று, இன்னொரு தடவை விழுவாளா? பில் கேட்கவில்லை. குழுவுக்கு முன்னால் தன்னை உச்சத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தத்தான் சார் இவ்வளவு கஷ்டமாகக் கேட்கிறார் என்று நினைத்தாள். அவரை அவள் அவ்வளவு நம்பினாள்.

"நீங்க என்ன நெனைக்கிறீங்களோ அதுதான் சார் சரி."

"முடியாதுன்னு நான் நெனைக்கிறேன்."

"உண்மைதான் சார். முடியாது."

"பிள்ளைகளுக்குப் பிரயோசனம்?"

"இல்லைங்க சார். உங்களுக்கு ஏமாத்தமா இருந்ததுக்கு மன்னிக்கணும்."

கஸ்பார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

பேராசிரியர் அழகம்மாளுக்கு என்னவோ போலிருந்தது. மைக்கைப் போட்டார். "ஒரு நிமிஷம். மணிமேகலை, பாடமெல்லாம் நல்லாத்தானே பண்ணியிருக்கீங்க? உண்மையாவே இதுதான் உங்க அபிப்பிராயமா? யோசிச்சுச் சொல்லுங்க. இதைத்தான் நாங்க எழுதிக்கணும்."

அது கடைசி வாசல். திறந்தே இருந்தது. ஆனால் பில் வராதவரை அந்த அம்மாளும் அதே மேஜையில் உட்கார்ந்த விருந்தாளிதான். சட்டத்தை சார் குழுவிடம் முன்பே சொல்லியிருப்பார் என்று அவள் நம்பினாள். மணிமேகலை சிரிப்பைக் கொஞ்சம் கூட்டினாள்.

"ஆமாங்க மேடம். உங்க திருப்திதான் எங்களுக்கு முக்கியம்."

அழகம்மாள் பெருமூச்சு விட்டார். நன்றி சொன்னார். திரையில் ஒவ்வொரு கட்டமாக அணைந்தது. கடைசியாக கஸ்பாரின் கட்டமும் அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் முதல்வர் கந்தவேல் கையில் போனோடு மாடிக்கு வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"மெயில் வந்துருச்சு. பாடம் எடுக்குறவங்களே முடியாதுன்னு ஒத்துக்கிட்டதால அனுமதி இல்லையாம். என்னங்க இந்தப் பிள்ள, இப்பிடி வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிச்சு? மார்ச்சோட அதோட சோலி முடிஞ்சது." கதவருகே நின்று திரும்பினார். "திங்கக்கெழம நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நீங்க யாரும் வாயத் தெறக்காதீங்க."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். வாயைத் திறக்காமல் இருக்க மேலிடத்து உத்தரவே கிடைத்துவிட்டது. இதைவிட நிம்மதி வேண்டுமா? சிவமுருகன் கீழே கிச்சனுக்குச் சொல்லி டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வரவழைத்தார். பஜ்ஜி நன்றாக உப்பியிருந்தது. மாவில் சோடா அளவு சரி என்று செஃப் பாராட்டினார். எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள்.

அப்போது மரப்படியில் சத்தம் கேட்டது. ஒரு அடி, ஒரு இழுப்பு. ஒரு அடி, ஒரு இழுப்பு. யார் வருகிறார்கள் என்று பார்க்கத் தேவையே இல்லை.

மணிமேகலை கதவில் வந்து நின்றாள். ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. சிரிப்பு அப்படியே இருந்தது, கீழேயிருந்து இறக்கிவைக்காமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கையில் தோல் அட்டை. நேராக கஸ்பாரிடம் வந்து, இடதுகையை முதுகுக்குப் பின்னால் வைத்து, வலது கையால் அட்டையை அவர் முன்னால் வைத்தாள்.

"சார், நீங்க பில்லு கேக்க மறந்துட்டீங்க."

ஷைலா மேடம் கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். அவருக்கு அந்த நொடியில்தான் முழுதாகப் புரிந்தது. இந்தப் பெண் இன்னும் தேர்வில் நிற்கிறாள். அவள் சொன்ன 'முடியாது' ஒன்றுகூட அவள் சொன்னதில்லை. இப்போது ஒரு போன் போட்டு அழகம்மாளிடம் அந்தச் சட்டத்தைச் சொன்னால் போதும், எல்லாம் மாறிவிடலாம். சிவமுருகனுக்கும் புரிந்தது. அவர் தட்டைப் பார்த்தார். அந்த அறையில் ஒருவருக்காவது வாய் இருந்ததா என்றால், இருந்தது. பஜ்ஜி தின்ன இருந்தது.

கஸ்பார் அட்டையைத் திறந்தார். சீட்டைப் பார்த்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்த்திருந்தது, காலில் வலி எவ்வளவு என்று அது சொன்னது. சிரிப்பில் ஒரு நூல் இறங்கவில்லை. கஸ்பார் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். நிதானமாக எழுதினார். எழுந்து நின்று கை கொடுத்தார்.

மணிமேகலை சீட்டைப் பார்த்தாள். நூறு.

அப்போதுதான் அவள் சிரிப்பு உடைந்தது. ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டாள். "அந்தக் கடைசிக் கேள்வியில மாட்டிக்கிருவேன்னு நெனச்சீங்கள்ல சார்? பூண்டு கேட்டப்ப ஏமாந்தேன், இப்ப ஏமாறல" என்றாள். "குழு என்ன சார் சொன்னாங்க?"

சிவமுருகன் இன்னொரு பஜ்ஜியை எடுத்தார். டீயிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"திங்கக்கெழம பிரின்சிபால் சொல்லுவாரு. நீ போம்மா, பஸ்ஸு போயிரும்" என்றார் கஸ்பார்.

"தேங்க்யூ சார். தேங்க்யூ மேடம்." கதவு வரை போனவள் திரும்பி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளையாட்டாகக் குனிந்தாள். "மறுபடியும் வாங்க சார்."

ஒரு அடி, ஒரு இழுப்பு என்று சத்தம் இறங்கிப்போனது. சற்று நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே, வாசலில் அவள் போனில் பேசுவது கேட்டது. மேகம் இறங்கியிருந்ததால் சிக்னல் சரியில்லை, கத்தித்தான் பேசினாள்.

"அம்மா, கேக்குதா? நூறும்மா! நூத்துக்கு நூறு! கஸ்பார் சார் இதுவரைக்கும் யாருக்குமே போட்டதில்ல... ஆமா, நடந்தும் காட்டுனேன். கால எல்லாரும் பாத்தாங்க, ஒண்ணும் ஆகல... வேலை நிச்சயந்தாம்மா. அப்பாகிட்டச் சொல்லு. வெரசா வந்துர்றேன்."

பஸ் வந்து நின்று, அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"என்னத்துக்கு சார் நூறு போட்டீங்க?" என்று கேட்டார் ஷைலா மேடம்.

"வாங்க வேண்டியவதான மேடம்" என்றார் கஸ்பார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. "அந்தச் சிரிப்பப் பாத்தீங்கள்ல? கடைசி வரைக்கும் நின்னுச்சு. இத்தன வருசத்துல இப்பிடி ஒரு பிள்ளைய நான் பாத்ததே இல்ல. இதெல்லாம் கம்ப்யூட்டர்ல சொல்லிக்குடுத்தா வருமா சொல்லுங்க?"

தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"டீ ஆறிப்போச்சு."

ஷைலா மேடம் எழுந்தார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. "மன்னிக்கணும் சார், இப்பவே வேற சொல்றேன்" என்றார். சிரித்தார்.